பென்ஸ் வண்டியும் பெயரின் பெருமையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் முலுண்ட் அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் கற்றறிந்த சான்றோர் பலர் இலக்கியத்தைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றேன். நானோ பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திவிட்டு, இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரிபவன். செயலாளர் அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது, "எனக்கு என்ன தெரியும் ஐயா?" என்று கேட்டேன். "தெரிந்ததைப் பேசுங்கள், போதும்" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று இரும்புப் பாதை. மற்றொன்று என் தந்தையார் ஓட்டிய லாரி. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு ஜெர்மானியக் கம்பெனி நிற்கின்றது. அதன் பெயர் மெர்சிடிஸ்-பென்ஸ்.

இரயில்வே குமாஸ்தாவுக்கும் பென்ஸ் காருக்கும் என்ன உறவு என்று நீங்கள் நகைக்கக் கூடும். அந்தக் காரில் நான் ஒருநாளும் ஏறி அமர்ந்தவன் அல்லன். ஆயினும் நம் காலனியில் ஒரு திருமணம் நடைபெற்றால், "மாப்பிள்ளையின் சித்தப்பா பென்ஸ் காரில் வந்தார்" என்ற பேச்சு பந்தி முடிவதற்குள் எல்லா வீடுகளையும் எட்டிவிடுகின்றது. அவர் நல்லவரா, வாக்குத் தவறாதவரா என்று எவரும் கேட்பதில்லை. வண்டியின் முகப்பிலுள்ள விண்மீன் ஒன்றே போதுமான சான்றாகிவிடுகின்றது. அந்த விண்மீனுக்கு அத்துணை மதிப்பு எவ்வாறு வந்தது? அம்மதிப்பு எதனால் நிலைக்கின்றது, எதனால் குறைகின்றது? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

எங்கள் வீட்டு அலமாரியிலும் அத்தகைய விண்மீன் ஒன்று உண்டு. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடிப் பம்பாய்க்கு வந்து, லாரி ஓட்டி எங்களை வளர்த்தவர். அவர் முதன்முதலில் ஓட்டிய பழைய லாரியின் முகப்பில், வட்டத்துக்குள் மூன்று முனை கொண்ட விண்மீன் இருந்தது. அவ்வண்டியை முதலாளி பழைய இரும்புக்கு விற்றபோது, கேட்டு வாங்கிக் கழற்றிக்கொண்டு வந்தார். தீபாவளிக்குத் தீபாவளி அதைச் சாம்பல் இட்டுத் துலக்கி வைப்பார். சிறுவனாயிருந்த நான் ஒருநாள், "இது இருந்ததால்தானே அப்பா, உங்கள் லாரி அவ்வளவு நன்றாக ஓடியது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "மலை இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது நட்சத்திரமில்லையடா, பிரேக்தான்" என்றார். இந்தச் சொல்லின் பொருள் எனக்குப் பிற்காலத்தில்தான் விளங்கிற்று.

இனி, கம்பெனியின் வரலாற்றுக்கு வருகின்றேன்.

கார்ல் பென்ஸ் என்பவர் 1844ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தார். உலகமே வியக்கும் கார்க் கம்பெனியைத் தோற்றுவித்த அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். இங்கே கூடியுள்ள இரயில்வே அன்பர்கள் செவிசாய்க்க வேண்டும்: அவருடைய தந்தை ஓர் இரயில் எஞ்சின் டிரைவர்! குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் முன்னரே தந்தை காலமானார். கைம்பெண்ணாகிய தாய் வறுமையோடு போராடி மகனைப் படிக்க வைத்தார். மகன் பொறியியல் பயின்று, மன்ஹைம் நகரில் சிறு தொழிற்கூடம் ஒன்றைக் கூட்டாளி ஒருவருடன் தொடங்கினார். அது கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தது. அப்பொழுது அவருக்கு மணம் பேசப்பட்டிருந்த பெர்த்தா என்னும் நங்கை, தம் சீதனப் பணத்தைத் திருமணத்துக்கு முன்பே பெற்று அத்தொழிலில் போட்டார். கூட்டாளியின் பங்கு தீர்க்கப்பட்டது, தொழிற்கூடம் பிழைத்தது. 1872இல் இருவருக்கும் திருமணம் நடைபெற்றது.

1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், எரிபொருள் எஞ்சினால் தானே ஓடும் வண்டிக்குக் கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த வண்டிக்குச் சக்கரங்கள் மூன்று. எஞ்சினின் ஆற்றல் ஒரு குதிரைத் திறனுக்கும் குறைவு. ஆயினும் அந்நாளையே மோட்டார் காரின் பிறந்த நாள் என்று உலகம் கொண்டாடுகின்றது. வண்டி பிறந்துவிட்டது, ஆனால் வாங்குவதற்கு ஆள் இல்லை. நாலு தெரு சுற்றி வருவதற்கு மேல் இது எதற்கு உதவும் என்று ஊரார் ஐயுற்றனர்.

அந்த ஐயத்தைத் தீர்த்து வைத்தவரும் அந்த அம்மையாரே. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, கணவரிடம் சொல்லாமலே, தம் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து பிறந்தகம் இருந்த போர்ட்ஸ்ஹைம் நகருக்கு அவ்வண்டியிலேயே புறப்பட்டுவிட்டார்! தொலைவு 100 கிலோமீட்டருக்கு மேல். நம் கணக்கில் சொன்னால், போரிபந்தரிலிருந்து கர்ஜத் வரையுள்ள தொலைவினும் சற்று அதிகம். பெட்ரோல் நிலையம் என்பது உலகில் எங்கும் இல்லாத காலம். வழியில் வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக்கடையில் கறை போக்கும் திராவகத்தை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மேட்டில் வண்டி ஏற மறுத்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினர். இறக்கத்தில் பிரேக்குக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சென்று கட்டைமீது தோல் வைத்துத் தைக்கச் செய்தார். இரவு போய்ச் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

தாய்மார்களே, இதில் நான் மிகவும் போற்றுவது அவருடைய துணிவை மட்டும் அன்று. திரும்பி வந்த பிறகு, "மேடேற இன்னொரு பல்சக்கர அமைப்பு வேண்டும்" என்று குறையை எடுத்துச் சொன்னாரே, அதையே போற்றுகின்றேன். தம் பணம் போட்ட தொழில், தம் கணவர் செய்த வண்டி என்று குறையை மறைக்கவில்லை. கணவரும் அதைக் கேட்டுத் திருத்தினார். அக்கம்பெனியின் நற்பெயருக்கு அடிக்கல் அன்றுதான் நாட்டப்பட்டது என்பது என் எண்ணம்.

அதே காலத்தில், அதே நாட்டில், ரொட்டி சுடுபவரின் மைந்தராகிய காட்லீப் டைம்லர் என்பவரும், அநாதை விடுதியில் வளர்ந்த வில்ஹெல்ம் மைபாக் என்பவரும் சேர்ந்து தனியே ஒரு எஞ்சினை உருவாக்கினர். கான்ஸ்டாட் என்னும் ஊரில் ஒரு தோட்டத்துக் கண்ணாடிக் குடிலே அவர்களுடைய பட்டறை. 1886ஆம் ஆண்டில் அவர்களும் நான்கு சக்கர வண்டியில் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினர். 1890இல் டைம்லர் கம்பெனி அமைந்தது.

"மெர்சிடிஸ்" என்ற பெயர் வந்த கதை சுவையானது. அது எஞ்சினியரின் பெயரோ, ஊரின் பெயரோ அன்று; ஒரு சிறுமியின் பெயர். பிரான்ஸ் நாட்டு நீஸ் நகரில் வாழ்ந்த எமில் ஜெல்லினெக் என்னும் வணிகர், டைம்லர் வண்டிகளை வாங்கிச் செல்வர்களுக்கு விற்று வந்தார். பந்தயங்களில் தம் மகள் மெர்சிடிஸின் பெயரைப் புனைபெயராகச் சூடிக்கொண்டார். வேகமும் உறுதியும் கொண்ட புதுவகை வண்டி வேண்டுமென்று அவர் வற்புறுத்த, மைபாக் அதை வடிவமைத்தார். 1901இல் நீஸ் பந்தயங்களில் அது வாகை சூடியது. 1902இல் அச்சிறுமியின் பெயரே வணிகப் பெயராகப் பதிவாயிற்று. அவளுடைய பாட்டனார் வியன்னா நகரில் புகழ்பெற்ற யூத மதகுரு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்; பின்னர் அதற்குத் திரும்பி வருவேன்.

விண்மீன் சின்னம் 1909இல் பதிவு செய்யப்பட்டது. நிலம், நீர், வான் ஆகிய மூன்றிலும் தங்கள் எஞ்சின் இயங்க வேண்டும் என்பதே அம்மூன்று முனைகளின் பொருள். முதல் உலகப் போருக்குப் பின் வந்த நெருக்கடியில், போட்டியாளராக இருந்த டைம்லர் கம்பெனியும் பென்ஸ் கம்பெனியும் 1926இல் ஒன்றாயின. அன்று முதல் அதன் வண்டிகளுக்கு மெர்சிடிஸ்-பென்ஸ் என்று பெயர்.

அன்பர்களே, அந்த விண்மீன் நம் நாட்டுக்கு முதலில் பெருமளவில் அறிமுகமானது செல்வரின் காரில் அன்று; உழைப்பாளியின் லாரியில்தான். 1945இல் டாட்டா நிறுவனத்தார் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ என்னும் கம்பெனியைத் தொடங்கினர். எதற்காக? இரயில் எஞ்சின் செய்வதற்காக! நம் தென்னகத்து மீட்டர் பாதைகளில் கரும்புகை கக்கி ஓடிய ஒய்.பி. வகை நீராவி எஞ்சின்களுள் பல அங்குச் செய்தவையே. 1954இல் டெல்கோ, ஜெர்மானிய டைம்லர்-பென்ஸ் கம்பெனியோடு 15 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு லாரி செய்யத் தொடங்கிற்று. டீசலில் ஓடிய அந்த லாரிகளை மக்கள் "டாட்டா பென்ஸ்" என்று அழைத்தனர். அவ்வண்டிகளில் பேருந்துக் கூடு கட்டி ஊருக்கு ஊர் ஓட்டினர். 1969இல் ஒப்பந்தம் முடிந்தது. விண்மீன் இறங்கி, டாட்டாவின் சொந்தச் சின்னம் ஏறியது. அந்த 15 ஆண்டுகளில் நம் நாட்டுத் தொழிலாளர் கைவேலையைக் கற்றுக்கொண்டுவிட்டனர். சின்னம் போன பின்னும் வேலை நின்றுவிடவில்லை. இன்றும் நம் சாலைகளில் டாட்டா லாரிகள் ஓடுகின்றன. என் தந்தையார் பின்னர் ஓட்டியவை அத்தகைய லாரிகளே. "சின்னம்தான் மாறியது, வண்டி மாறவில்லை" என்பார்.

அவர் சரக்கேற்றிப் புறப்படுவது பெரும்பாலும் நம் முலுண்ட் செக் நாக்கா வழியாகத்தான். ஆக்ட்ராய் வரி இருந்த காலத்தில் அங்கே லாரிகள் வரிசையாக நின்றதை நம்மில் பலர் கண்டிருக்கின்றோம். 2017இல் அவ்வரி எடுபட்டது. சென்னைப் பக்கம் செல்லும்போது கண்டாலா மலையில் ஏறி இறங்க வேண்டும். வீட்டில் என் தாயார், அவர் மலை இறங்கிவிட்டார் என்ற செய்தி வரும்வரை வாசலையே நோக்கியிருப்பார். லாரிக்காரர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குப் பிரேக் என்பது வெறும் இரும்பு அன்று; தாலி.

சொகுசுக் காருக்கு வருவோம். மெர்சிடிஸ்-பென்ஸ் இந்தியக் கம்பெனி 1994இல் நிறுவப்பட்டு, 1995 முதல் பூனா அருகே பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியில் கார்களை இணைத்து உருவாக்கத் தொடங்கிற்று. 2009இல் சாகன் என்னும் இடத்தில் அதற்குத் தனித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நம் தமிழகத்திலோ, சென்னையை அடுத்த ஒரகடத்தில் டைம்லர் குழுமத்தின் லாரித் தொழிற்சாலை 2012இல் தொடங்கிப் "பாரத்பென்ஸ்" என்னும் பெயரில் லாரிகளைச் செய்து வருகின்றது.

இக்காருக்கு விலை மிகுதி என்பது உலகறிந்தது. ஆனால் அதன் பெயர் விலையினால் வந்தது அன்று. பேலா பரேனி என்னும் அக்கம்பெனி எஞ்சினியர், மோதலில் வண்டி எங்கும் கெட்டியாக இருப்பது தவறு என்று கண்டார். முன்பாகமும் பின்பாகமும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், நடுவில் மனிதர் அமரும் கூண்டு மட்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1951இல் அதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அம்முறையில் கார் வெளிவந்தது. திடீரெனப் பிரேக்கை மிதித்தால் சக்கரம் இறுகிச் சறுக்காதபடி காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பை, பாஷ் கம்பெனியோடு சேர்ந்து 1978இல் தன் பெரிய காரில் பொருத்தியது. இன்று நம் நாட்டில் விற்கும் சாதாரணக் கார்களிலும் அது கட்டாயமாகிவிட்டது. செல்வருக்குச் செய்த நன்மை எளியோரின் உயிரையும் காக்கின்றது. நற்பெயர் என்றால் இதுவன்றோ!

இத்துடன் நான் நிறுத்திவிட்டால் இது விளம்பரமாகிவிடும். பெயர் பெற்றவரின் பிழையையும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது இக்கம்பெனி இட்லரின் படைகளுக்கு வண்டிகளும் விமான எஞ்சின்களும் செய்தது. 1944ஆம் ஆண்டில் அதன் 63,000க்கு மேற்பட்ட தொழிலாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர், வேற்று நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்ட கட்டாய உழைப்பாளரும், போர்க்கைதிகளும், வதைமுகாம்களில் அடைபட்டவருமே. அம்முகாம்களில் அடைபட்டோருள் யூதர் எண்ணற்றோர். யூத மதகுருவின் பேர்த்தி பெயரைத் தாங்கிய வண்டிக் கம்பெனி, அம்மக்களின் துயரத்தில் பங்கு கொண்டது! பல்லாண்டுகள் கழிந்த பின், 1988இல்தான் பாதிக்கப்பட்டோருக்காக 2 கோடி மார்க்கு நிதி அளித்தது. இறந்தவருக்கு அதனால் என்ன பயன்? ஆயினும் இன்று அக்கம்பெனி தன் வரலாற்றில் இதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கின்றது.

1997இல் மற்றொரு சோதனை நேர்ந்தது. அவ்வாண்டு வெளியிட்ட சிறிய காரைச் சுவீடன் நாட்டுப் பத்திரிகையாளர் ஓட்டிப் பார்த்தனர். சாலையில் காட்டுமான் குறுக்கிட்டால் ஒதுங்குவதுபோல் சட்டென்று திருப்பியதும் வண்டி கவிழ்ந்தது. கம்பெனி முதலில் அதை ஏற்க மனமின்றி இருந்தது. பின்னர் விற்பனையைச் சில மாதம் நிறுத்தி, வண்டி நிலைதடுமாறாமல் காக்கும் கருவியை எல்லா வண்டிகளிலும் தன் செலவிலேயே பொருத்திக் கொடுத்தது. பெருஞ்செலவாயிற்று, ஆனால் போகவிருந்த பெயர் நிலைத்தது.

ஆனால் அந்தப் பாடம் நிலைக்கவில்லை. டீசல் வண்டிகளின் புகை, சட்டம் வகுத்த அளவுக்குள் இல்லை என்ற வழக்கில், 2019இல் ஜெர்மானிய அரசு வழக்கறிஞர்கள் அக்கம்பெனிக்கு 87 கோடி யூரோ அபராதம் விதித்தனர். 2020இல் அமெரிக்காவில் வழக்குகளைத் தீர்க்க 200 கோடி டாலருக்கு மேல் கொடுக்க இசைந்தது. ஒரு தலைமுறைக்குள் ஒரு பிழையைத் திருத்திப் பெயரைக் காத்தவர்களே மற்றொரு பிழையால் தலைகுனிய நேர்ந்தது. விண்மீன் அதே விண்மீன்தான். அது அவர்களைத் தடுக்கவில்லை.

பிறர் குற்றத்தைப் பேசிவிட்டு என் குற்றத்தை மறைப்பது முறையன்று. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு நிலையத்தில் பார்சல் எழுதும் வேலையில் இருந்தேன். நம் ஊர்ப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மூட்டைகளோடு வந்தார். "தம்பி, கொஞ்சம் பார்த்து எழுதுங்க" என்றார். காசு எதுவும் அவர் தரவில்லை, நானும் வாங்கவில்லை. ஊர்ப் பாசத்தினால் எடையில் 20 கிலோவைக் குறைத்து எழுதிக் கையெழுத்திட்டேன். வீட்டுக்கு வந்து பெருமையோடு தந்தையாரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்த விண்மீனை எடுத்து வந்து என் முன்னே வைத்தார். "இதைத் துலக்கினால் பிரேக் பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுநாள் மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லி, குறைந்த கட்டணத்தை என் கையிலிருந்து கட்டினேன். என் பணிப்பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை ஏறியது. அது இன்றும் இருக்கின்றது. அண்ணாச்சி என்னோடு நெடுநாள் பேசவில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்குப் பின் தம் மகள் திருமணத்துக்குப் பணம் கொண்டுபோக நேர்ந்தபோது, அதை ஊருக்குக் கொண்டு சேர்க்க நம்பி ஒப்படைத்தது என்னிடம்தான். "தப்பைத் தானே போய்ச் சொன்னவன் அல்லவா" என்றாராம்.

இளைஞர்களே, உங்களுள் சிலர் நாளை பென்ஸ் கார் வாங்கும் நிலைக்கு உயரலாம். உயர வேண்டும் என்று வாழ்த்துகின்றேன். சிலர் சாகனிலோ ஒரகடத்திலோ அத்தகைய வண்டிகளைச் செய்பவராகவும் ஆகலாம். அது அதனினும் பெருமை. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். எஞ்சின் டிரைவர் மகனுக்குப் பெயர் தேடித் தந்தது, தேய்ந்த பிரேக்குக்குத் தோல் தைத்த கையும், குறையை வாய்விட்டுச் சொன்ன வாயும், அதைக் கேட்டுத் திருத்திய மனமும். அவை உள்ளவரை அப்பெயர் வளர்ந்தது. அவை இல்லாதபோதெல்லாம் தாழ்ந்தது. இது கம்பெனிக்கு மட்டும் அன்று. நமக்கும், நம் குடும்பங்களுக்கும், பிற மொழியாளர் நடுவே தமிழர் என்னும் பெயரைத் தாங்கி வாழும் இச்சங்கத்துக்கும் பொருந்தும்.

1853இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடிய நாட்டின் முதல் பயணிகள் இரயில் சென்றதும் நம் முலுண்ட் வழியாகத்தான். அவ்வழியில் இன்றும் அன்றாடம் பணிக்குச் செல்கின்றேன். என் தந்தையார் இப்போது இல்லை. விண்மீன் அலமாரியில் இருக்கின்றது. இந்தத் தீபாவளிக்கு அதைத் துலக்கியவன் என் மகன். "இது என்ன அப்பா?" என்று அவன் கேட்டான். இன்று உங்கள் முன் சொன்னதையெல்லாம் அன்று அவனிடம்தான் முதலில் சொன்னேன்.